புட்டியின் பின்புறத்தையும் படிப்போம்

மாணவர்களே! கடைகளில் வண்ண வண்ணமாக அடுக்கப்பட்டிருக்கும் பழப்பானப் புட்டிகளை நாள்தோறும் காண்கிறோம். அவற்றுள் சில, ‘வைட்டமின் சி செறிவூட்டப்பட்டது’, ‘துத்தநாகம் சேர்க்கப்பட்டது’ என்னும் அறிவிப்புகளைத் தாங்கி நிற்கின்றன. புதியதொரு பானத்தைச் சுவைத்துப் பார்க்கும் ஆவல் இயல்பானதே. ஆயினும், அதில் சேர்க்கப்பட்ட சத்தைக் காரணம் காட்டி, அதனைப் பழத்திற்கு ஈடாகக் கொள்ளுதல் தகாது என்பதே என் கருத்து.

முதலில், அதில் பழம் எவ்வளவு உள்ளது என ஆராய்வோம். நம் நாட்டு உணவு விதிகளின்படி, பழப்பானத்தில் 10 விழுக்காடு பழச்சாறு இருந்தாலே போதும்; எலுமிச்சைப் பானத்திற்கு 5 விழுக்காடே போதுமானது. உட்பொருள்களை எடை மிகுந்தது முதல் குறைந்தது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பதும் விதியாகும். ஆகவே, பட்டியலில் பழத்திற்கு முன்னர்ச் சர்க்கரை இடம்பெற்றிருந்தால், அப்பானத்தில் பழத்தினும் சர்க்கரையே மிகுதி எனத் தெளியலாம்.

அடுத்து, கணக்கிட்டுப் பார்ப்போம். 100 மில்லிலிட்டருக்கு 12 கிராம் சர்க்கரை எனக் குறிக்கப்பட்ட 200 மில்லிலிட்டர் புட்டி ஒன்றைக் கொள்வோம். அதனைப் பருகுவோர் 24 கிராம், அதாவது ஏறத்தாழ 6 தேக்கரண்டிச் சர்க்கரையை உட்கொள்கின்றனர். உணவில் சேர்க்கும் சர்க்கரையையும் பழச்சாற்றிலுள்ள சர்க்கரையையும் பெரியவர்கள்கூட நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நன்று என உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. ஒரே புட்டியில் அவ்வளவும் ஏறத்தாழ நிறைவடைந்துவிடுகிறது!

‘சத்துகளைச் சேர்ப்பது நல்லதன்றோ?’ எனச் சிலர் வினவலாம். அயோடின் கலந்த உப்பு முன்கழுத்துக் கழலையைத் தடுக்கிறது என்பது உண்மையே. ஆனால், உப்பு அனைவரும் அன்றாடம் சிறிதளவு உண்ணும் பொருள். இனிப்புப் பானம் அத்தகையதன்று. மேலும், வைட்டமின் சி பழங்களிலேயே நிறைந்துள்ளது. ஒரு கொய்யாப்பழமே ஒரு நாளின் தேவைக்குப் போதுமானது. உங்கள் தோழர்கள் ‘ஆம்லா’ என அழைக்கும் நெல்லிக்காயும் அச்சத்து மிக்கதே. குளிர்காலத்தில் பிரயாக்ராஜ் கொய்யாவும் பிரதாப்கர் நெல்லிக்காயும் வட இந்தியச் சந்தைகளுக்கு வருகின்றன. அவற்றைக் கடித்து உண்ணும்போது நார்ச்சத்தும் கிடைக்கிறது. தேவைக்கு மிஞ்சிய வைட்டமின் சியோ பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும். சர்க்கரை அவ்வாறு வெளியேறுவதில்லை.

விளம்பரச் சொற்கள் மயக்கம் தரும் என்பதை அரசு அமைப்புகளும் உணர்ந்துள்ளன. அடர்சாற்றில் நீர் கலந்து செய்யப்படும் பானங்களை ‘100 விழுக்காடு பழச்சாறு’ என விளம்பரப்படுத்தலாகாது என, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூன் மாதத்தில் ஆணையிட்டது. பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதத்தில் அறிவுறுத்தியது.

அத்தகைய பலகை உங்கள் பள்ளியில் இருப்பின், நீங்கள் விரும்பும் பானத்தின் கணக்கையும் அதில் எழுதுங்கள். புட்டியைக் கையில் எடுத்தால் முன்புறப் படத்தோடு நின்றுவிடாமல், பின்புறப் பட்டியலையும் படியுங்கள். பின்னர்ச் சுவைக்க விரும்பினால், இனிப்புப் பண்டம் எனக் கருதி எப்போதேனும் சிறிது பருகுங்கள். தாகம் தீரத் தூய நீரும், சத்துப் பெறப் பழமும் இருக்க, புட்டியை நாடுவானேன்?