இரசிகர் கடன்

கவிஞன் மறைந்தால் கவிதை நிற்கிறது. சிற்பி மறைந்தால் சிலை நிற்கிறது. மேடையில் நின்று, அந்தக் கணத்தில் உள்ளத்தில் எழுவதை அந்தக் கணத்திலேயே இசைத்துவிட்டுப் போகும் கலைஞன் மறைந்தால் எது நிற்கிறது? அவன் இசை பிறந்த இரவோடு இரவாகப் போய்விடுகிறது. எவரேனும் ஒலிப்பதிவு செய்திருந்தால் அதன் சாயல் மட்டும் எஞ்சுகிறது. அந்தச் சாயலை இரசிகர்கள் எவ்வாறு போற்றுதல் தகும் என்பதே இவ்வாரம் நான் ஆராய விரும்பும் பொருள்.

இவ்வினாவை என்னுள் எழுப்பியது ஒரு கிற்றார். அயர்லாந்தின் புகழ்பெற்ற இசைஞர் றொரி கலகர் 1963ஆம் ஆண்டில், பதினைந்து வயதுச் சிறுவனாக, கோர்க் நகரத்துக் கடையொன்றில் 100 பவுண் விலைக்குத் தவணைமுறையில் வாங்கிய வாத்தியம் அது. 1995 யூன் 14இல், தமது 47 வயதில், இலண்டனில் அவர் கண்மூடும்வரை அதுவே அவருடைய உற்ற துணையாக இருந்தது. 2024 ஒக்ரோபரில் நடந்த ஏலத்தில் அது 8 இலட்சத்து 80 ஆயிரம் பவுணுக்கும் மேலான விலைக்குப் போயிற்று. அயர்லாந்தின் தேசிய நூதனசாலைக்கு வழங்கும் பொருட்டே அது வாங்கப்பட்டது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், ஒரு கலைஞனின் வாத்தியத்தைக் காப்பதும் அவனுடைய கலையைக் காப்பதும் ஒன்றுதானா?

புளூஸ் என்னும் இசை, ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமை முறை சட்டப்படி ஒழிந்தும் அதன் கொடுமை ஒழியாதிருந்த காலத்தில், கறுப்பின மக்களிடையே பிறந்தது. பெரும்பாலும் பன்னிரண்டு தாளப் பகுதிகளும் மூன்று சுரக்கூட்டுகளும் கொண்ட சிறிய சட்டகம் அது. 1960களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இளைஞர் பலர் அச்சட்டகத்தை மின்கிற்றாருக்கும் பலத்த முரசொலிக்கும் ஏற்ப விரித்தபோது புளூஸ் றொக் உருவாயிற்று. சட்டகம் சிறிதாகையால் உள்ளே உலவுவதற்குச் சுதந்திரம் பெரிது. இராகத்தின் எல்லைக்குள் நின்று மனோதர்மத்தால் புதுப்புதுச் சஞ்சாரங்களைக் காணும் வித்துவானை அறிந்த எமக்கு இந்நெறி முற்றிலும் அந்நியமன்று.

இந்நெறியின் உச்சங்களுள் ஒன்றாக விமர்சகர் பலரும் கொள்வது, ஓல்மன் பிறதேர்ஸ் குழுவினர் நியூயோர்க்கின் பில்மோர் ஈஸ்ற் அரங்கில் 1971 மார்ச் 12, 13ஆந் திகதிகளில் நிகழ்த்திய கச்சேரிகளின் ஒலிப்பதிவாகும். 2004ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைப் பேணத்தக்க ஒலிப்பதிவுகளின் பட்டியலிற் சேர்த்தது. அதில் 'விப்பிங் போஸ்ற்' என்றொரு பாட்டு உண்டு. 1969இல் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஐந்து நிமிட அளவில் முடிந்த அப்பாட்டு, பில்மோர் மேடையில் ஏறத்தாழ 23 நிமிடங்கள் வளர்கிறது. டுவான் ஓல்மனும் டிக்கி பெற்ஸும் தம் கிற்றார்களால் ஒருவரோடொருவர் உரையாடுகின்றனர். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் தொடுகின்றார். ஓரிடத்தில் இசை தணிந்து, ஏறக்குறைய மௌனத்தை எட்டுகிறது. அடுத்து எங்கே செல்லப்போகிறார்கள் என்பது கேட்போருக்குத் தெரியாது. வாசிப்போருக்கும் முழுமையாகத் தெரியாது என்பதே அவ்விடத்தின் சிறப்பு.

அத்தட்டு 1971 யூலையில் வெளிவந்தது. ஒக்ரோபர் 29இல், ஜோர்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில், மோட்டார்ச் சைக்கிள் விபத்தொன்றில் டுவான் ஓல்மன் மாண்டார். அவருக்கு வயது 24. அடுத்த ஆண்டு நவம்பரில் அதே நகரில், அதே விதமான விபத்தில், அக்குழுவின் பெரி ஓக்லியும் உயிர் நீத்தார். அவருக்கும் வயது 24.

இரசிகர்கள் அவர்களை மறக்கவில்லை. மேக்கன் நகரில் குழுவினர் வாழ்ந்த வீடு இன்று நூதனசாலையாக விளங்குகிறது. 2014இல் அம்மார்ச் மாதக் கச்சேரிகளின் பதிவுகள் விரிவாக வெளிவந்தன. ஒரே பாட்டை வெவ்வேறு நிகழ்ச்சிகளில் அவர்கள் எவ்வாறு வேறுபட வாசித்தனர் என்று ஒப்பிட்டுக் கேட்கும் இன்பத்தை இரசிகர்கள் பெற்றனர். ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காணும் பதிப்பாசிரியரின் உழைப்பை நிகர்த்தது இது. இத்தகைய பற்றை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆயினும், பற்று முற்றும்போது ஒரு கேடும் விளைகிறது. ஓர் இரவில் தற்செயலாகப் பிறந்த சுரவரிசை, இசைத்தட்டில் ஏறியதனால் மாற்றொணா மறைமொழியாகிவிடுகிறது. அதைச் சுரம் பிசகாது எழுதி வைத்த நூல்கள் விற்பனையாகின்றன. அதை அப்படியே வாசித்துக் காட்டுபவன் பாராட்டுப் பெறுகிறான். டுவான் ஓல்மன், வெறுமையான சளிமருந்துப் புட்டி ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு, அதைத் தந்திகளின்மீது வழுக்கி வாசித்தார். அப்புட்டியைப் போன்ற போலிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. றொரி கலகரின் கிற்றாரில் பூச்சு பெரும்பாலும் உதிர்ந்து மரம் வெளித்தெரியும். வியர்வையும் ஓயாத உழைப்பும் செய்த வேலை அது. அவ்வகைக் கிற்றாரைச் செய்த நிறுவனமோ, அதே உதிர்வையும் அதே தழும்புகளையும் செயற்கையாக உண்டாக்கிய புதிய கிற்றார்களைச் செய்து விற்றது. உழைக்காத வாத்தியத்துக்கு உழைத்த தழும்பு! தழும்பை விலைக்கு வாங்கலாம். அதை உண்டாக்கிய முப்பது ஆண்டுகளை வாங்க முடியுமா?

பார்த்துப் பழகாமல் யார்தான் கற்றார் என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. டுவான் ஓல்மனே அவ்வாறு கற்றவர்தாம். ஜோர்ஜியாவின் கண்பார்வையற்ற பாடகர் வில்லி மெக்டெல் 1928இல் பதிவுசெய்த 'ஸ்ரேற்ஸ்பறோ புளூஸ்' என்னும் பாட்டைத் தாஜ் மகால் என்ற இசைஞர் 1968இல் புதுக்கி வெளியிட்டார். அந்தத் தட்டைக் கேட்டுத்தான் டுவான் அவ்வழுக்கு வாசிப்பிற் பயிற்சி பெற்றார். மூன்றாண்டுகளுக்குள் பில்மோர் மேடையில் அதே பாட்டை அவர் வாசித்தபோது, அது மெக்டெலினதும் அன்று. தாஜ் மகாலினதும் அன்று. முன்னோரிடம் பெற்ற கடனை முன்னோருக்கு இல்லாத ஒன்றைச் சேர்த்து அவர் திருப்பிக் கொடுத்தார். பின்பற்றல் கல்விக்குத் தொடக்கம். அதுவே முடிவாகிவிடுதல் குற்றம்.

இங்கே இன்னொரு கடனும் நினைவுகூரத்தக்கது. மெக்டெல், தம் பாட்டு இத்தனை பெரிய அரங்குகளில் ஒலிப்பதைக் காணாமலே 1959இல் இறந்தார். கிற்றார் ஒன்றுக்கு இலட்சக்கணக்கிற் பணம் கொடுக்கும் உலகம், இவ்விசையை ஈன்ற கறுப்பினக் கலைஞர் பலருக்கு அவர்தம் வாழ்நாளில் உரிய கூலியும் கொடுக்கவில்லை. டுவானைப் போற்றும் இரசிகன் மெக்டெலைத் தேடிக் கேளாவிட்டால் அவனுடைய பற்று பாதி வழியில் நின்றுவிடுகிறது.

மேடைக் கற்பனையின் பெருமை எதில் இருக்கிறது? விரல் வேகத்திலா? வேகமுடையோர் பலர். தவறக்கூடும் என்று தெரிந்தும், தெரியாத வழியில் எல்லார் முன்னிலையிலும் இறங்குகின்ற துணிவிலேயே அது இருப்பதாக நான் கருதுகிறேன். இத்துணிவை வாழ்விலும் காட்டியவர் றொரி கலகர். 1970களின் தொடக்கத்தில் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரம் குண்டுகளால் அதிர்ந்துகொண்டிருந்தது. வெளியூர் இசைஞர் பலர் அங்கு வர அஞ்சினர். றொரி மீண்டும் மீண்டும் வந்து அல்ஸ்ரர் மண்டபத்தில் வாசித்தார். கத்தோலிக்க இளைஞரும் புரட்டஸ்தாந்து இளைஞரும் ஒரே மண்டபத்தில் அருகருகே நின்று கேட்டனர். குண்டோசைக்கு நடுவே அச்சமின்றிக் கழிந்த ஒரு மாலைப்பொழுதின் அருமையை எம் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1974 சனவரியில் பெல்பாஸ்ற், டப்ளின், கோர்க் நகரங்களில் நிகழ்ந்த அவருடைய கச்சேரிகள் இசைத்தட்டாகவும் திரைப்படமாகவும் நிலைத்தன. 2025 சனவரியில் அம்மண்டபத்துக்கு அருகே அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அந்நகரம் நன்றி மறக்கவில்லை. அந்த நன்றி அவருடைய விரல்களுக்கு மட்டும் உரியதன்று. பிறர் வர மறுத்த இடத்துக்கு அவர் வந்தாரே, அந்த வருகைக்கும் உரியது.

எழுத்துலகுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மறைந்த எழுத்தாளருக்கு விழா எடுக்கிறோம். அவருடைய நடையைப் பின்பற்றி எழுதுவோரை அவருடைய வாரிசுகள் என்கிறோம். தமக்கு முன் இல்லாத நடையைத் தேடிச் சென்றதனாலன்றோ அவர் பெரியவரானார்? அவருடைய நடையை நகல் செய்பவன் அவர் செய்யத் துணியாத ஒன்றையே செய்கிறான். மாணவன் ஒருவன் ஆசான் சொல்லாத வாக்கியம் ஒன்றைத் தயங்கித் தயங்கி எழுதிக்கொண்டு வரும்போது, அதைச் சிவப்பு மையால் அடித்துவிட விரையும் கை சற்றே பொறுத்தல் வேண்டும். அவ்வாக்கியம் பிழையாகவும் இருக்கலாம். ஆனால் பிழைக்கு இடங்கொடாத வகுப்பறையில் கற்பனைக்கும் இடமிராது.

இசைத்தட்டுகளைப் பேணுவோம், சிலைகளையும் நூதனசாலைகளையும் வரவேற்போம். அவற்றோடு, எம்மிடையே இன்று மேடையேறும் பெயரறியா இளைஞன் தெரியாத வழியில் இறங்கித் தடுமாறும்போது, எழுந்து போகாமல் அமர்ந்திருந்து கேட்போம். டுவானும் றொரியும் தம் இளமையில் வேண்டி நின்றது அத்தகைய செவிகளையே.