பழைய எஞ்சினைப் பழிக்கலாமா?

சங்க மலரில் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் சிலர் இருக்கக்கூடும். கவிதைப் பக்கம் சற்றுத் தள்ளி இருக்கிறது; அங்கே செல்வோர் தாராளமாகச் செல்லலாம். ஆனால் நம் விடுதியில் நள்ளிரவு தாண்டியும் விளக்கெரியும் அறைகளிலெல்லாம் பாடம்தான் நடக்கிறது என்று நம்புவோர் நம்மிடையே யாருமிலர். அமெரிக்காவில் எவரோ ஒருவர் துருவேறிய பழைய வண்டியொன்றைக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்து புதுக்குகிற காணொளியன்றோ அங்கே ஓடுகிறது! பார்ப்பதில் பிழையில்லை. அந்த வண்டியின் எஞ்சின் இருமுறை இருமியவுடனே அதைப் பாரந்தூக்கியில் மாட்டி வெளியே எடுத்து எறிந்துவிட்டு, பெட்டி பிரிக்காத புது எஞ்சினை உள்ளே இறக்குகிறார்களே, அப்போது நம் தோழர்கள் கைதட்டுகிறார்களே, அதைத்தான் மறுக்க வந்தேன்.

'மசில் கார்' என்று அமெரிக்கர் அழைக்கும் இவ்வண்டிகளின் வரலாறு சுவையானது. நடுத்தர உருவமுள்ள வண்டியில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் கிளைகளுக்கு இட்டிருந்த கட்டளை. போண்டியாக் கிளையின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவர் தோழர்களும் அக்கட்டளையில் ஓர் ஓட்டையைக் கண்டனர். புது வண்டி என்று சொல்லாமல், டெம்பஸ்ட் வண்டிக்கு வாங்குவோர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் ஓர் உபரி என்று சொல்லி, 1964-ஆம் ஆண்டு மாடலில் 389 கன அங்குல எஞ்சினை ஏற்றிவிட்டனர். அதுவே ஜி.டி.ஓ. எட்டு சிலிண்டர், ஏறத்தாழ 6.4 லிட்டர், 325 குதிரைத் திறன், மூன்று கார்புரேட்டர் வைத்தால் 348. அக்காலத்து அம்பாசிடரின் எஞ்சின் ஒன்றரை லிட்டர்தான். நான்கு அம்பாசிடர்களின் எஞ்சின்களைக் கூட்டினாலும் இந்த ஒன்றின் கொள்ளளவுக்கு ஈடாகாது!

பிறகு ஒருவரை ஒருவர் விஞ்சும் போட்டி. 1970-இல் செவர்லே ஷெவெல், 454 கன அங்குலமும் 450 குதிரைத் திறனும் கொண்டு வந்து நின்றது. அதே ஆண்டில் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. 1971-இல் எஞ்சின்களின் அழுத்த விகிதம் இறங்கியது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி. பத்தாண்டுகூட நிலைக்காத அரசாட்சி அது.

அத்தகைய எஞ்சினை இன்று கிளப்பிப் பார்க்கிறோம். தட்டுகிறது, சுடுகிறது, அணைகிறது. உடனே 'கிழடு' என்று தீர்ப்பு! குற்றம் எஞ்சினுடையதா என்று யாரும் கேட்பதில்லை. நான் சொல்கிறேன்: பல வேளைகளில் எஞ்சின் மாறவில்லை, நாம் அதற்கு ஊட்டும் உணவு மாறிவிட்டது.

ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயக் கூட்டுப்பொருளைக் கலந்து எஞ்சினின் 'நாக்' ஓசையை அடக்கினார். அந்த ஈயம் மற்றொரு வேலையையும் சொல்லாமல் செய்து வந்தது. வால்வு வந்து அமரும் விளிம்பில் மெல்லிய படலமாய்ப் படிந்து, இரும்போடு இரும்பு ஒட்டித் தேயாமல் காத்தது. அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு அது 1996 ஜனவரி முதல் நாளோடு முற்றும் தடை. இந்தியாவில் 2000-இல் போயிற்று. உலகிலேயே கடைசியாக 2021-இல் அல்ஜீரியாவும் விட்டது. குழந்தைகளின் மூளையைக் கெடுத்த நஞ்சு அது; போனதே நன்று, அதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் அந்நாளைய வார்ப்பிரும்புத் தலையிலேயே நேராகக் கடைந்த வால்வு இருக்கை, ஈயமின்றி நெடுநேரம் கடும் பாரத்தில் ஓடினால் தேயும். வால்வு உள்ளே இறங்கும். அந்தச் சிலிண்டரில் அழுத்தம் குறையும். இதற்கு மருந்து, கடினமாக்கிய எஃகு வளையத்தை லேத்துப் பட்டறையில் பொருத்திக்கொள்வது. தலையைக் கழற்றியிருக்கும்போதே செய்துவிட்டால் பெருஞ்செலவன்று. இதற்காக எஞ்சினையே எறிவானேன்?

எண்ணெயின் கதை இன்னும் கொடிது. இவ்வகை எஞ்சின்களில் கேம் தண்டின் முனைப்புகள், தட்டையான அடியுள்ள டேப்பட்டுகள்மீது நேரடியாக உராய்ந்து செல்லும். தட்டை என்று சொன்னாலும் முழுத் தட்டையன்று. டேப்பட்டின் அடி மயிரிழை குவிந்தும், கேம் முனைப்பு மயிரிழை சரிந்தும் கடையப்பட்டிருக்கும். ஆதலால் டேப்பட் ஏறி இறங்கும்போதே தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். சுற்றினால் தேய்வு பரவும். சுற்றாமல் நின்றால் ஒரே இடத்தில் அறுத்துவிடும். அவ்விடத்தில் விழும் அழுத்தத்தைத் தாங்க எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள் வேண்டும். இன்றைய வண்டிகளின் புகைக்குழாயில் உள்ள நச்சு நீக்கியைப் பாஸ்பரஸ் கெடுக்கிறது. ஆகவே 2004-இல் வந்த 'எஸ்.எம்.' தரத்தில், மெல்லிய எண்ணெய்களுக்குப் பாஸ்பரசின் மேல்வரம்பை 0.08 விழுக்காடாக்கினர். 1980-களின் நடுவிலிருந்து உருளை வைத்த டேப்பட்டுகளுக்கு மாறத் தொடங்கிய புது எஞ்சின்களுக்கு அது போதும். பழைய எஞ்சினுக்கோ, அதிலும் புதிதாகக் கேம் மாற்றிய எஞ்சினுக்கோ போதாது.

இதில் நிகழும் கொடுமையைக் கேளுங்கள். ஒருவர் ஆறு மாதம் உழைத்து எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறார். புதுக் கேம், புது டேப்பட். பொது அங்காடியில் வாங்கிய எண்ணெயை ஊற்றுகிறார். நண்பர்கள் சூழ நிற்கச் சாவியைத் திருப்புகிறார். பெட்ரோல் இன்னும் கார்புரேட்டருக்கு ஏறவில்லை. ஐந்து நிமிடம் வெறுமனே சுழற்றுகிறார். அதற்குள் கேமில் பூசிய பசை வழிந்துவிடுகிறது. கிளம்பியதும், 'பாவம், புது எஞ்சின்' என்று மெல்ல ஓட விடுகிறார். அங்கேதான் கெட்டது காரியம்! கேமுக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க் தண்டு சுழன்று வாரி இறைப்பதால் கிடைப்பது. மெல்லச் சுழன்றால் அது போதிய அளவு இறைக்காது. முதல் இருபது முப்பது நிமிடம் 2,000 சுற்றுக்குக் குறையாமல், சற்றே ஏற்றி இறக்கி ஓட்டுவதே முறை. அதற்கு முன்பே டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாகத் துளைப்பொறியை விட்டு எண்ணெய்ப் பம்பைச் சுழற்றி, எண்ணெயை மேலே ஏற்றியிருக்க வேண்டும். இவை எதுவும் செய்யாவிடில் அரை மணியில் கேம் முனைப்பு மழுங்கும். அரைபட்ட இரும்புத் தூள் பேரிங்குகளுக்குள் புகும். பிறகு 'அந்தக் காலத்து எஞ்சின் அப்படித்தான்' என்கிறார்கள்!

பெட்ரோலில் கலக்கும் எத்தனால் மூன்றாவது. அமெரிக்காவில் பத்து விழுக்காடு. நம் நாட்டில் 2025-இல் இருபதை எட்டிவிட்டோம் என்பது பைக் வைத்திருக்கும் தோழர்கள் அறிந்ததே. அது பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் இளக்கிவிடும். தொட்டியில் நாற்பதாண்டு படிந்த பிசினைக் கரைத்துக் கார்புரேட்டரின் நுண்துளைகளுக்கு அனுப்பி வைக்கும். குழாயை மாற்றினால் தீரும் நோய் இது.

சரி, எஞ்சினுக்குள்ளேயே கோளாறு இருந்தால்? இருக்கலாம். கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். எட்டுப் பிளக்குகளையும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து, அழுத்த மானியால் ஒவ்வொரு சிலிண்டராக அளக்கலாம். மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்த அளவில் முக்கால் பங்குக்குக் கீழே போகாதிருந்தால் அச்சமில்லை. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்கவும். அளவு ஏறினால் குற்றம் பிஸ்டன் வளையத்தில். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். ஒரு மணி நேரத்து வேலை! கார்புரேட்டரைக் குறை கூறுமுன் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தீய்ந்து கிடக்கும் பாயிண்டையும் கண்டென்சரையும் பார்ப்பது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வழக்கம். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் விழுந்தால் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிப் பார்க்கவும். ஓசை குறைய வேண்டுமென்று அந்நாளில் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்கள் பலவற்றில் கேம் சக்கரத்தின் பற்களுக்கு நைலான் பூசினர். வயதானபின் அது நொறுங்கி விழுந்து, பம்பின் சல்லடையை அடைத்துக்கொள்ளும். பேரிங் தேய்ந்துவிட்டது என்று கதறுவோரின் தொட்டியில் சில வேளை ஒரு கைப்பிடி நைலான் துண்டுகளே கிடக்கும்.

அமெரிக்காவில் விற்கும் புது வண்டிகளெல்லாம் 1996 முதல் தம் கோளாற்றைக் குறியெண்ணாகத் தாமே சொல்ல வேண்டும் என்று விதித்தார்கள். கருவியைச் செருகினால் எண் வருகிறது. எண்ணுக்குரிய உறுப்பை மாற்றுகிறோம். வசதிதான், நான் அதற்குப் பகைவன் அல்லன். ஆனால் அந்தப் பழக்கத்தோடு 1964-ஆம் ஆண்டு எஞ்சினை அணுகினால், அது ஒன்றும் சொல்லாது நிற்க, நாம் ஒவ்வோர் உறுப்பாக வாங்கி மாட்டிக்கொண்டே போவோம். இறுதியில் முழு எஞ்சினையும் மாற்றுவோம். நம் பொறியியல் தோழர்களைக் கேட்கிறேன்: நான்கு ஆண்டு வெப்ப இயக்கவியல் படித்துவிட்டு, அழுத்த மானியைக் கையில் எடுக்கத் தயங்குவது என்ன வழக்கம்?

புது எஞ்சினுக்காக வாதாடுவோர் சொல்வதிலும் நியாயமுண்டு. செவர்லேயின் எல்.எஸ்.3 போன்ற எஞ்சின், 6.2 லிட்டரில் 430 குதிரைத் திறன் தருகிறது; காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்புகிறது. நாள்தோறும் ஓட்ட விரும்புகிறவர் அதை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அதைப் 'புதுக்கல்' என்று அழைக்கலாகாது. இடிந்த கோயிலின் கருவறையை நீக்கிவிட்டுக் காங்கிரீட்டில் கட்டினால் அது புதுக் கட்டடமேயன்றிப் பழுதுபார்த்தலாகுமா? 1968-க்குப் பிந்தைய வண்டிகள் பலவற்றின் சிலிண்டர் கட்டையில், அவ்வண்டியின் வரிசை எண்ணில் ஒரு பகுதி பொறித்திருக்கும். இந்த எஞ்சின் இந்த வண்டிக்கே பிறந்தது என்பதற்கு அதுவே சான்று. எண் பொருந்தும் வண்டிக்கும் பொருந்தா வண்டிக்கும் ஏலத்தில் விலை வேறு என்பது ஒருபுறமிருக்க, அந்தக் கட்டையை எறிந்தபின் உலகில் எந்தப் பட்டறையும் அதை மீண்டும் தர இயலாது.

கம்பி முறிந்து கட்டையின் சுவரையே பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்ட எஞ்சின்களும் உண்டு. அவற்றை என் வாதம் உயிர்ப்பிக்காது. அங்கே வேறு எஞ்சின் வைப்பதைத் தவிர வழியில்லை. அப்போதும் அந்தப் பழைய கட்டையை எண்ணெய் பூசி, துணி சுற்றி, கொட்டகையின் மூலையில் வைக்கட்டும். பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட வேண்டாம்.