கொழுப்பின் சேதி

தமிழில் 'கொழுப்பு' ஒரு வசைச்சொல்லும்கூட. 'உடம்பெல்லாம் கொழுப்பு' என்றால் யாரும் அதை மருத்துவக் குறிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. திமிர், மிகை, கரைக்கப்பட வேண்டியது என்றெல்லாம் பொருள் படிந்த சொல் அது. மார்பகப் புற்றுநோய் பற்றிய இன்றைய ஆய்வுகளைத் தமிழில் சொல்லப்போனால் இந்தப் படிவுதான் முதல் இடையூறு.

உயிரணுவைச் சூழ்ந்திருக்கும் சவ்வு பெரும்பாலும் கொழுப்பாலும் புரதத்தாலும் ஆனது. அதை மதில் என்று மட்டும் கொள்வது போதாது. அது ஒரு கிடங்கு. அதிலிருந்து அராக்கிடோனிக் அமிலம் பிரிந்து, நொதிகளின் கைபட்டுப் புரோஸ்டாகிளாண்டினாகவும் திராம்பாக்சேனாகவும் உருமாறி, அண்டை அணுக்களுக்குச் சேதி கொண்டுபோகிறது. அற்ப ஆயுள் கொண்ட தூதர்கள். மார்பகப் புற்றுக்கட்டிகள் பலவற்றில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 மிகுதியாக உருவாகிறது. அதன் சேதியைப் பெற்ற டி அணுக்களும் இயற்கைக் கொல்லி அணுக்களும் வேகம் தணிந்துபோகின்றன. கட்டியின் அருகிலேயே இருந்தும் செயலற்று நிற்கின்றன.

நம் அறிவியல் கட்டுரைகளோ இன்னும் போர்முரசு கொட்டுகின்றன. வெள்ளையணுக்கள் சிப்பாய்கள், நோயாளி வீராங்கனை. எனக்கு இதில் உடன்பாடில்லை. போர் என்றால் தோல்விக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். வீடுகளில் அந்தப் பொறுப்பு நோயுற்ற பெண்ணின் தலையிலேயே விழுகிறது. என் பெரியம்மா கடைசி மாதங்களில் நெய்யும் தேங்காயும் இன்றிச் சாப்பிட்டார். 'கொழுப்புதான் காரணம்' என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்றுக்கும் உடற்பருமனுக்கும் தொடர்பு உண்டுதான். ஆனால் கட்டிக்குள் நடக்கும் இந்தப் பேச்சு, சோற்றில் விடும் ஒரு கரண்டி நெய்யால் தொடங்குவதுமில்லை, நிற்பதுமில்லை.

இந்தப் பேச்சில் குறுக்கிடும் மருந்து ஒன்று எல்லார் வீட்டு அலமாரியிலும் கிடக்கிறது: ஆஸ்பிரின். புரோஸ்டாகிளாண்டின் உருவாவதை அது தடுக்கிறது என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரத்தத் தட்டணுக்கள் வெளியிடும் திராம்பாக்சேன் ஏ2 டி அணுக்களை அடக்குகிறது, ஆஸ்பிரின் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது என்று 2025இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அழகான கண்டுபிடிப்பு. ஆனால் பரவல் தடுக்கப்பட்டது எலிகளில். அதற்கு முந்தைய ஆண்டு, 2024இல் வெளியான சோதனையில், மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற 3,020 பேரில் ஒரு பாதியினருக்கு நாளும் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினும் மறுபாதியினருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் திரும்புவது குறையவில்லை.

முதல் செய்தியை மட்டும் தமிழில் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம். வாசிப்பவர்களில் ஒருத்தி கட்டாயம் மருந்துக்கடைக்குப் போவாள். ஆஸ்பிரின் வயிற்றில் இரத்தக் கசிவையும் உண்டாக்கும் என்பதை அவளுக்கு யார் சொல்வது? பிரிட்டன், அயர்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளின் நோயாளிகளைச் சேர்த்து 'ஆட்-ஆஸ்பிரின்' என்றொரு பெருஞ்சோதனை 2015இல் தொடங்கப்பட்டது. அதில் மார்பகப் புற்றுக்குத் தனிப் பிரிவே உண்டு. நம்மூர்ப் பெண்களின் இரத்தமும் பதில் சொல்லப்போகும் கேள்வி அது.