கத்தியைக் கழுவினீங்களா, சார்?



நான் பள்ளியில் பணியாற்றிய காலத்தில் நடந்த ஒரு சம்பவம். ஆறாம் வகுப்பு அறிவியல் பாடம். எந்த உணவில் மாவுச்சத்து இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அயோடின் கரைசலை ஒரு சொட்டு விட்டால், மாவுச்சத்து உள்ள உணவு கருநீலமாக மாறும்.

உருளைக்கிழங்குத் துண்டில் விட்டேன், மாறியது. அடுத்து வெங்காயத் துண்டு. அதில் நிறம் மாறக் கூடாது. ஆனால், அங்கங்கே நீலப் புள்ளிகள் தோன்றின! நான் விழித்தேன். பின் வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "சார், கிழங்கு வெட்டின கத்தியைக் கழுவினீங்களா?" என்று கேட்டாள்.

கழுவவில்லை! வெங்காயத்தில் தெரிந்தது, கத்தியில் ஒட்டியிருந்த கிழங்கின் மாவு. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது. பெரிய பெரிய விஞ்ஞானிகள் தினமும் தங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வியை அல்லவா அந்தச் சிறுமி கேட்டுவிட்டாள்!

எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன்.

வெயிலில் தோல் கருகாமல் இருக்க, 'சன்ஸ்கிரீன்' என்ற கிரீமைப் பலர் பூசிக்கொள்கின்றனர். சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் ரசாயனங்கள் அதில் உள்ளன. பூசிக்கொண்டு ஏரியில் குதித்தால், கிரீமில் ஒரு பகுதி ஏரிக்குப் போகும். வீட்டில் குளித்தால் சாக்கடை வழியாகக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். 'தண்ணீரோடு போயிற்று' என்று நாம் மறந்துவிடுகிறோம். உண்மையில் அது எங்கே போகிறது?

சுவிட்சர்லாந்து நாட்டு விஞ்ஞானிகள் இதைத் தேடிப் பார்த்தனர். சூரிச் ஏரியிலும், அதன் அருகே மக்கள் நீந்தி விளையாடும் ஹூட்னர்சே என்ற சின்ன ஏரியிலும் தண்ணீர் எடுத்து சோதித்தனர். 2004ல் முடிவு வெளியானது. ஒரு லிட்டர் தண்ணீரில் இருந்தது சில நானோகிராமில் இருந்து நூற்றுச் சொச்சம் நானோகிராம் வரைதான். ஒரு கிராமை நூறு கோடி பங்கு போட்டால், அதில் ஒரு பங்குதான் நானோகிராம்!

'இவ்வளவுதானா?' என்று விட்டுவிடவில்லை அவர்கள். இந்த ரசாயனங்களில் பல, எண்ணெய் மாதிரி, தண்ணீரோடு சேராது. சைக்கிள் கடையில் தரையில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்வார்கள்? மண்ணைத் தூவுவார்கள், மண் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். அதுபோல, தண்ணீரில் மிதக்கும் அழுக்குத் துகள்களில் இவை ஒட்டிக்கொள்ளும். துகள்கள் கீழே படியும். ஆற்றில் படிந்தால் வண்டல். சுத்திகரிப்பு நிலையத்தில் படிந்தால் கசடு. ஆகவே, தேட வேண்டிய இடம் சேறுதான்!

அந்த நாட்டின் பல சுத்திகரிப்பு நிலையங்களில் இருந்து கசடு எடுத்து சோதித்தனர். 2006ல் வெளியான முடிவுப்படி, ஆக்டோகிரைலீன் என்ற சன்ஸ்கிரீன் ரசாயனம், ஒரு கிலோ உலர்ந்த கசடில் சராசரியாக ஐந்து மில்லிகிராம் அளவில் இருந்தது. அதாவது, 50 கிலோ மூட்டைகள் இருபதில், ஒரு டீஸ்பூன் உப்பைக் கலந்த மாதிரி. கேட்கக் கொஞ்சமாகத் தோன்றும். ஆனால், ஏரித் தண்ணீரில் இருந்ததைவிட இது பல ஆயிரம் மடங்கு அதிகம்!

ஒரு டீஸ்பூனை இருபது மூட்டையில் எப்படிக் கண்டுபிடிப்பது? சேற்றை உலர்த்தி, சலித்து, ஒரு கரைப்பானில் ஊற வைத்து ரசாயனங்களைப் பிரித்தெடுப்பார்கள். அதை, தலைமுடி போன்ற மெல்லிய நீண்ட குழாய் உள்ள கருவிக்குள் அனுப்புவார்கள். ஓட்டப் பந்தயத்தில் ஒவ்வொரு பையனும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்வதுபோல, ஒவ்வொரு ரசாயனமும் தனக்குரிய நேரத்தில் வெளியே வரும். அடுத்த கருவி அதை உடைத்துத் துண்டுகளின் எடையைப் பார்த்து, 'இவர் இன்னார்' என்று காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது கத்தி கதைக்கு வருவோம். சேறு எடுக்கப் போகும் விஞ்ஞானியே சன்ஸ்கிரீன் பூசியிருந்தால்? அவர் கையில் இருக்கும் கிரீம் சேற்றில் கலந்துவிடும். ஆற்றில் இல்லாத ரசாயனம் இருப்பதாகக் காட்டும்! அதனால், இந்த வேலை செய்கிறவர்கள் கிரீம் பூசுவதைத் தவிர்க்கின்றனர். அதோடு, சேறே இல்லாத வெறும் பாத்திரத்தையும் அதே முறையில் சோதிக்கின்றனர். அதிலும் ரசாயனம் தெரிந்தால், தவறு தங்களுடையது என்று புரிந்துகொள்வர். தெரிந்த அளவு ரசாயனத்தைத் தாங்களே சேற்றில் கலந்து, அது முழுசாகத் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பார்க்கின்றனர்.

ஆற்றைக் குறை சொல்லும் முன், தன் கையைச் சோதிக்கும் நேர்மை. என்ன அழகான பழக்கம், பாருங்கள்!

சரி, இப்படி அளந்து என்ன பயன்? கசடை வயலுக்கு உரமாகப் போடுவது பல நாடுகளில் வழக்கம். அதில் சேர்ந்திருக்கும் பலவகைக் கெடுதலான பொருட்களை எண்ணி, சுவிட்சர்லாந்து 2006ல் அந்த வழக்கத்துக்குத் தடை கொண்டுவந்தது. பவளப்பாறைகளுக்கு ஆபத்து என்று கருதி, ஆக்சிபென்சோன் முதலிய சில சன்ஸ்கிரீன் ரசாயனங்களை பலாவ் தீவு நாடு 2020லும், அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 2021லும் விலக்கி வைத்தன.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. பிளாஸ்டிக், பெயின்ட் போன்றவை வெயிலில் கெடாமல் இருக்க, புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் வேறு சில ரசாயனங்களைச் சேர்ப்பர். அவற்றைக் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆறுகளில், தண்ணீர், வண்டல், மீன் மூன்றிலும் தேடிய ஆய்வு 2018ல் வெளியானது. அவை அங்கே இருந்தன.

இதைப் படித்துவிட்டு, அம்மாவின் கிரீமைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! மருத்துவர் சொல்லி சன்ஸ்கிரீன் பூசுகிறவர்களும் உண்டு. உங்களுக்குத் தொப்பியும், குடையும், முழுக்கை சட்டையும், மரநிழலும் இருக்கின்றன. அவை ஆற்றில் கரைவதில்லை! பழைய கிரீம், மருந்துகளைச் சாக்கடையில் கொட்டாமல் இருந்தாலே பெரிய உதவி.

இன்னொன்றும் கேட்கிறேன். ரெக்கார்டு நோட்டில் அளவு எழுதும்போது, 'புத்தகத்தில் 12 என்று இருக்கிறதே' என்று, உங்களுக்குக் கிடைத்த 9ஐ அழித்துவிட்டு 12 என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? பொய்யான 12ஐ விட, உண்மையான 9 உயர்ந்தது. ஏன் 9 வந்தது என்று தேடுங்கள். நாளைக்கு நம் ஆறுகளை அளக்கப் போவது நீங்கள்தான். நீங்கள் தவறாக எழுதினால், ஆறு எழுந்து வந்து திருத்தாது.

அந்தச் சிறுமி என்னைக் கேட்டதுபோல், தினமும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: 'கத்தியைக் கழுவினேனா?'

அன்புடன்,
உங்கள் வாத்தியார் தாத்தா