சொல்லறியாமையால் நிலமிழப்பதா?

'பிறிஸ்கிறிப்சன்' என்றால் என்ன? ஆங்கிலம் சிறிதே கற்றவரும் மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டு என்று உடனே கூறிவிடுவர். நீதிமன்றத்திலோ அச்சொல்லுக்கு நோயுமில்லை, மருந்துமில்லை. பிறர் காணியை ஒருவர் தடையின்றி, இடையறாது, உரியவரின் உரிமையை ஏற்காது பத்தாண்டு ஆண்டுவந்தால், அது தமக்கே உரியதெனத் தீர்ப்புக் கோரலாம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதற்கு இடமளிக்கின்றது. உறுதி உங்கள் பெட்டகத்தில் இருக்கும், காணியோ கைமாறிவிடும்!

அச்சட்டத்தில் வரும் 'அட்வேர்ஸ்' என்னும் சொல்லும் அத்தகையதே. பேச்சு வழக்கில் பாதகம் என்பர். சட்டத்திலோ பகையும் வேண்டியதில்லை, சண்டையும் வேண்டியதில்லை. வாடகையோ விளைவிற் பங்கோ கொடாது, உரியவரை உரியவராக ஏற்காது இருந்தாலே போதும். இசைவு பெற்றுக் குடியிருப்பவரின் நிலை வேறுதான். ஆனால் அந்த இசைவை மெய்ப்பிக்க ஒரு துண்டுக் காகிதமேனும் வேண்டாமா? உறவினர்தானே என்று எழுத்தொன்றும் பெறாது, வளவை ஒப்படைத்துவிட்டுக் கடல் கடந்த நம்மவர் எத்தனை பேர்!

மொழிபெயர்த்துவிட்டால் மட்டும் தீர்ந்துவிடுமா? 'பொசெசன்' என்பதை 'ஆட்சி' என்றனர். பிழையன்று. ஆயினும் ஆட்சி என்றதும் நம் மக்களின் நினைவுக்கு வருவது அமைச்சரவையே!

2016இல் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டமொன்று வந்தது. ஆயுதக் குழுக்களின் செயல்களால் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை தம் காணியுரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிற் சேர்க்கலாகாது என்றது அச்சட்டம். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும் அது கைகொடுக்கத் தக்கது. ஆனால் வழக்கிட அது தந்த காலம் இரண்டே ஆண்டு. அதன் ஆங்கிலப் பெயரிலும் அதே 'பிறிஸ்கிறிப்சன்'தான்! இது தமக்காக வந்த சட்டமென்பதை எத்தனை குடும்பங்கள் அறிந்திருக்கும்?

தமிழும் ஆட்சிமொழியென 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அவ்வாறாயின் பிரதேச செயலகங்களிலும் காணிப் பதிவகங்களிலும் இச்சொற்களுக்கு எளிய தமிழில் விளக்கம் எழுதித் தொங்கவிடுவதற்கு என்ன தடை என்று நாம் கேட்கின்றோம். நொத்தாரிசுமாரும் உறுதியை வாசித்துக் காட்டுவதோடு நில்லாது, பொருளையும் உரைத்தல் வேண்டும். அதுவரை, காணியைப் பிறர் பொறுப்பில் விட்டிருப்போர் காலந் தாழ்த்தாது எழுத்து மூலம் உடன்படிக்கை செய்துகொள்வார்களாக.