யாருடைய தவறு என்ற கேள்வி பிறகு வரட்டும்

சிறு குழந்தைக்கு அடிபட்டதென்று அறிந்த நொடியில் பெற்றோரைப் பற்றிக்கொள்ளும் அச்சம் இயல்பானது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடச் செய்வதும் அந்த அச்சமே. ஆனால் பல வீடுகளில் அதனுடன் சேர்ந்து வேறொரு கேள்வியும் எழுகிறது: "பிள்ளையை யார் பார்த்துக்கொண்டிருந்தது?" முதல் சில நிமிடங்களில் இக்கேள்வியைப் போல் குழந்தைக்குத் தீங்கு செய்வது வேறில்லை என்று நாங்கள் கருதுகிறோம்.

நம் மதுரைப் பகுதிக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வெற்றிலை இம்மண்ணின் பயிர். சோழவந்தான் வெற்றிலை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. வெற்றிலை இருக்கும் வீட்டில் சுண்ணாம்பும் இருக்கும். மூடியிட்ட டப்பாவில் இருந்த சுண்ணாம்பு இன்று பெட்டிக்கடைகளில் சிறு பிளாஸ்டிக் பாக்கெட்டுகளிலும் கிடைக்கிறது. மெத்தென்ற அந்தப் பாக்கெட் குழந்தைக்கு விளையாட்டுப் பொருள். அழுத்தியோ கடித்தோ விளையாடும்போது அது வெடித்து, சுண்ணாம்பு நேரே கண்ணில் பீய்ச்சியடிக்கிறது. இந்தியக் கண் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதி எச்சரித்துவரும் விபத்து இது.

சுண்ணாம்பு ஒரு காரப்பொருள். கண்ணில் பட்டதோடு அது நின்றுவிடுவதில்லை. கழுவி அகற்றப்படும் வரை கருவிழியை அரித்து உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். சிறு குழந்தைக்கு இன்னொரு கேடும் உண்டு. ஏறத்தாழ 8 வயது வரை மூளை பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்த வயதில் கருவிழி மங்கினால், புண் ஆறிய பின்னரும் அக்கண்ணின் பார்வை முழுமையாக வளராமல் போகக்கூடும்.

ஆகவே முதல் மருந்து வீட்டுக் குழாயிலேயே இருக்கிறது. குழந்தையைப் படுக்கவைத்து, இமைகளை விரல்களால் விலக்கி, சுத்தமான நீரை இடைவிடாமல் 20 முதல் 30 நிமிடம் ஊற்ற வேண்டும். குழந்தை கதறும், அதற்காக நிறுத்தக் கூடாது. விளக்கெண்ணெய், தாய்ப்பால், நெய் எதையும் விடக் கூடாது. கண்ணைக் கசக்க விடவும் கூடாது. கழுவிய பின் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இமைக்கு அடியில் ஒட்டிய சுண்ணாம்புத் துகள்களை மருத்துவரே அகற்ற இயலும்.

இந்த அரைமணி நேரத்தில் வீட்டில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றிருப்பார்கள். குழந்தை பாட்டியிடம் இருக்கும். வெற்றிலைப் பையும் பாட்டியுடையதாகவே இருக்கும். மகனும் மருமகளும் என்ன சொல்வார்களோ என்ற நடுக்கத்தில் அந்த மூதாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் காத்திருக்கிறார். மாலையில் கண் சிவந்திருப்பதைக் கண்டு கேட்டால், "தூசி விழுந்துவிட்டது" என்கிறார். அந்த ஒரு சொல்லால் மருத்துவரின் கவனம் வேறு திசையில் செல்லக்கூடும். பாட்டி பொய்யர் அல்லர். அந்த வீட்டில் உண்மைக்குக் கிடைக்கும் தண்டனையை முன்பே அறிந்தவர்.

பழிக்கு அஞ்சும் வீட்டில் உண்மை தாமதமாகவே வெளிவரும். இது சுண்ணாம்புக்கு மட்டும் உரியதன்று. மாடிப்படியில் உருண்ட குழந்தை, மண்ணெண்ணெய் குடித்த குழந்தை, பொத்தான் பேட்டரியை விழுங்கிய குழந்தை என எல்லாவற்றுக்கும் பொருந்தும். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி 2 மணி நேரத்திற்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்க வல்லது.

எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது, எத்தனை மணிக்கு, மயங்கியதா, வாந்தி எடுத்ததா, என்ன பட்டது அல்லது விழுங்கியது என்று மருத்துவர் கேட்பது விசாரணை அன்று. சிகிச்சை அந்த விடைகளிலிருந்தே தொடங்குகிறது. பாக்கெட்டையோ புட்டியையோ கையோடு கொண்டுவாருங்கள். விபத்தின்போது அருகில் இருந்தவரையும் அழைத்துவாருங்கள். அவரை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய ஊர் இது. அரசு இராசாசி மருத்துவமனையும் இங்கே உள்ளது. 108ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். மருத்துவம் நமக்குத் தொலைவில் இல்லை. ஆனால் மருத்துவமனையை அடையும் முன் கழியும் நிமிடங்கள் குடும்பத்தின் கையில்தான் இருக்கின்றன.

சுண்ணாம்பை மூடியுள்ள டப்பாவில் இட்டு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அதோடு, விபத்து நேருமுன்னரே வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "எது நடந்தாலும் உடனே சொல்லுங்கள், உங்களை யாரும் ஏச மாட்டோம்." அச்சத்தை எவராலும் முற்றிலும் அகற்ற இயலாது. உண்மையைச் சொல்வதற்கு உரிய அச்சத்தையாவது நம் வீடுகளிலிருந்து அகற்றலாம்.