கூட்டத்தை விட்டு விலகும் விவேகம்

ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்கியதும், அந்நாட்டு அலுவலகங்களிலும் குடும்பங்களிலும் நண்பர் குழாங்களிலும், அங்கே குடியேறி உத்தியோகம் பார்க்கும் நம் தமிழ் இளைஞர்கள் சேர்ந்திருக்கும் குழுக்களிலும்கூட, 'சர்வைவர் பூல்' என்னும் போட்டி உற்சாகத்தோடு ஆரம்பமாகிவிடுகிறது. அதன் விதி மிக எளிது. என்.எஃப்.எல். என்னும் அந்நாட்டுத் தொழில்முறை லீக்கில் உள்ள 32 அணிகளுள் அந்த வாரம் வெல்லும் என்று தாம் நினைக்கும் ஓர் அணியை ஒவ்வொருவரும் குறிக்க வேண்டும். அது வென்றால் அடுத்த வாரத்துக்குப் போகலாம், தோற்றால் விலகிவிட வேண்டும். ஒருமுறை குறித்த அணியை அந்தப் பருவத்தில் மறுபடியும் குறிக்கலாகாது. பருவத்தின் 18 வாரங்களில், மற்றவர்கள் எல்லாரும் விழுந்த பின்னும் எவர் நிற்கிறாரோ அவருக்கே நண்பர்கள் சேர்த்துவைத்த தொகை முழுவதும் உரியது.

ஆட்டத்தின் நுணுக்கங்களை நன்கு அறிந்தவரே இதில் ஜெயிப்பார் என்பது பொதுவான அபிப்பிராயம். அந்த அறிவுக்கு மதிப்பு உண்டு. ஆயினும், பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே கூடி ஆடும் சிறிய போட்டியில், எந்த அணி பலமானது என்று அறிவதைக் காட்டிலும், தம் நண்பர்கள் எந்த அணியைக் குறிப்பார்கள் என்று முன்கூட்டி உணர்ந்து, தக்க சமயத்தில் அவர்களிடமிருந்து விலகி நிற்கும் விவேகமே வெற்றிக்கு மூலகாரணம் என்பது என் திடமான கருத்து.

முதலில் நம் மனத்திலிருந்து அகற்ற வேண்டியது, 'நிச்சயமான வெற்றி' என்னும் பிரமை. 2020 டிசம்பர் 20 அன்று, அதுவரை ஆடிய 13 ஆட்டங்களிலும் தோற்றிருந்த நியூயார்க் ஜெட்ஸ் அணி, 17 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்று பந்தயச் சந்தை மதித்திருந்த லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியை, அதன் சொந்த மைதானத்திலேயே 23-20 என்று தோற்கடித்தது. மறு ஆண்டு நவம்பர் 7 அன்று, ஏழு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை வென்றிருந்த ஜாக்ஸன்வில் ஜாகுவார்ஸ், வலிமை மிக்க பஃபலோ பில்ஸ் அணியை 9-6 என்று வீழ்த்தியது. அந்த ஆட்டத்தில் பில்ஸின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவரான ஜாஷ் ஆலனை மடக்கி வீழ்த்தியதோடு, அவர் வீசிய பந்தை இடையில் புகுந்து பிடித்தும், அவர் கை நழுவவிட்ட பந்தைக் கைப்பற்றியும் பெருமை கொண்டவர், அப்போது அதே ஜாஷ் ஆலன் என்ற பெயரைக் கொண்டிருந்த ஜாகுவார்ஸ் வீரர். இத்தகைய நாட்களில், கண்ணை மூடிக்கொண்டு பெரிய அணியைக் குறித்தவர்கள் எல்லாரும் ஒரே மாலையில் வெளியேறுகிறார்கள்.

இரண்டாவதாக, நல்ல அணிகளை டிசம்பருக்கென்று பத்திரப்படுத்தி வைக்கும் சுபாவத்தைச் சற்றுப் பரிசீலிக்க வேண்டும். வாரந்தோறும் நூற்றுக்கு 75 பங்கு வெற்றி வாய்ப்புள்ள அணியையே ஒருவர் குறித்துவந்தாலும், எட்டு வாரங்களைத் தாண்டி அவர் நிற்பதற்குரிய வாய்ப்பு நூற்றுக்குப் பத்துதான். பதினெட்டு வாரமும் நிற்பதற்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆகவே, பன்னிரண்டு பேர் ஆடும் போட்டியில், எட்டாம் வாரம் முடியும்போது, அதாவது நவம்பர் பிறக்கும் சமயத்திலேயே, சராசரியாக ஒருவரோ இருவரோதான் மிஞ்சுவார்கள். நடக்கவே நடக்காத பதினாறாம் வாரத்துக்காகச் சிறந்த அணியைச் சேமித்துவைத்து, மூன்றாம் வாரத்தில் அரைகுறை அணியைக் குறித்து வெளியேறுவதில் என்ன பிரயோஜனம்? லாஸ் வேகாஸில் 'சர்கா' என்ற சூதாட்ட விடுதி நடத்தும் பெரும் போட்டியின் கதை வேறு. பதிவு ஒன்றுக்கு 1,000 டாலர் கட்டணத்தில் 2024-ஆம் ஆண்டு 14,266 பதிவுகள் சேர்ந்த அந்தக் களத்தில் கடைசி வாரம்வரை சிலர் நின்றே தீருவார்கள் என்பதால், அங்கே எதிர்காலச் சேமிப்பு இன்றியமையாதது. அந்தப் பெருங்கூட்டத்துக்கென்று ஏற்பட்ட யுக்தியை நண்பர்களின் சிறு குழுவில் அப்படியே கையாள்வதுதான் பலரை வீழ்த்துகிறது.

இனி, நான் பிரதானமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். பத்துப் பேர் மிஞ்சியிருக்கும் ஒரு வாரத்தில், உங்களைத் தவிர ஒன்பது பேரும் 80 சதவீத வாய்ப்புள்ள ஓர் அணியைக் குறிக்கிறார்கள் என்றும், எல்லாரும் ஒருசேர வீழ்ந்தால் தொகையைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்பது விதி என்றும் வைத்துக்கொள்வோம். நீங்களும் அதே அணியைக் குறித்தால், நின்றாலும் விழுந்தாலும் எல்லாரும் ஒன்றாகத்தான். உங்கள் பங்கு பத்தில் ஒன்று. அதற்குப் பதிலாக 75 சதவீத வாய்ப்புள்ள வேறோர் அணியைக் குறித்தால், அவர்கள் அணி தோற்று உங்கள் அணி வெல்வதற்கு நூற்றுக்கு 15 பங்கு வாய்ப்பு இருக்கிறது. அப்போது தொகை முழுவதும் உங்களுக்கே. மற்றச் சந்தர்ப்பங்களையும் சேர்த்துக் கூட்டினால், உங்கள் பங்கின் மதிப்பு நூற்றுக்கு இருபத்தொன்றரை ஆகிறது. ஐந்து சதவீத அபாயத்தைக் கூடுதலாக ஏற்றதற்குப் பரிசு இரட்டிப்புக்கு மேல்! ஒன்பது பேரும் ஒரே அணியில் சேர்வது அபூர்வம் என்பது மெய்தான். ஆனால் பாதிப் பேருக்கு மேல் ஓரிடத்தில் குவிந்தாலே இந்தத் தத்துவம் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. கூட்டம் பல அணிகளில் சிதறியிருக்கும் வாரத்திலோ, விலகுவதால் ஒரு லாபமும் இல்லை. அப்போது மிகப் பலமான அணியைக் குறிப்பதே முறை. வித்தியாசமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே பலவீனமான அணியைக் குறிப்பது தைரியமாகாது.

கூட்டம் எங்கே குவியும் என்பதை, முகமறியாத ஆயிரக்கணக்கானவர்களிடம் அனுமானிப்பது கடினம். பல ஆண்டுகள் பழகிய பத்துப் பேரிடம் அது சாத்தியம். டல்லஸ்காரர் ஒருவர் தம் கௌபாய்ஸ் அணிக்கு எதிராக ஒருபோதும் குறிக்கமாட்டார். வேறொருவர் போன வாரம் பெருவெற்றி பெற்ற அணியின் பின்னால் ஓடுவார். அதோடு, ஒவ்வொருவரும் எந்தெந்த அணிகளைச் செலவழித்துவிட்டார் என்பதை ஒரு தாளில் குறித்துவைத்தால், மூன்று பேர் மட்டும் மிஞ்சும் கட்டத்தில், மற்ற இருவரும் குறிக்க முடியாத நல்ல அணி ஏதேனும் உங்களிடம் இருக்கிறதா என்பது அந்தத் தாளைப் பார்த்தவுடனே விளங்கும்.

அணியைத் தெரிந்தெடுக்கும்போது, யாரை ஆதரிப்பது என்பதைவிட யாருக்கு எதிராக நிற்பது என்று ஆலோசிப்பது சிலாக்கியம். 2017-இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி தான் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றது. தன் பிரிவைச் சேர்ந்த மூன்று அணிகளோடு இரண்டிரண்டு முறை மோதியதால், அதை எதிர்த்தவை மொத்தம் 13 அணிகள். அந்த எதிராளிகளை ஒவ்வொருமுறை குறித்த 13 வாரங்களிலும் ஒருவர் பழுதின்றித் தேறியிருப்பார். அத்தகைய அணி எப்போதும் அமையாது எனினும், லீக்கின் கடைநிலை அணிகள் மூன்று நான்கைக் கண்டறிந்து, அவற்றோடு மோதும் அணிகளை, அதிலும் சொந்த மைதானத்தில் ஆடும் அணிகளை நாடுவது, பலமான அணிகளைத் தானாகவே மிச்சப்படுத்தித் தரும். வியாழக்கிழமை ஆட்டங்களைத் தவிர்ப்பதும் நலம். ஞாயிறு ஆட்டங்களுக்குரிய, காயமுற்ற வீரர்களின் பட்டியல் வெள்ளிக்கிழமைதான் பூர்த்தியாகிறது, அதைப் பார்க்குமுன்பே முடிவு செய்ய வேண்டிய நிர்ப்பந்தம் எதற்கு?

இவை அனைத்துக்கும் முன்பாக, விதிகளை எழுத்தில் வைத்துக்கொள்வது அவசியம். 2022 பருவத்தின் முதல் வாரத்தில், வெல்லும் என்று பலர் நம்பிய இந்தியானாபொலிஸ் கோல்ட்ஸ், ஹூஸ்டனில் 20-3 என்று பின்தங்கியிருந்து நான்காம் கால்பகுதியில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 42 கஜ தூரத்திலிருந்து உதைத்த பந்தும் கம்பத்துக்கு வெளியே போனதால், 20-20 என்று ஆட்டத்தை முடித்துக்கொண்டது. சமநிலை என்பது பல போட்டிகளில் தோல்விக்குச் சமம். சிலவற்றில் அப்படி இல்லை. அதை ஆட்டம் முடிந்த பிறகு விவாதிக்கப் புகுந்தால் சிநேகமே கெட்டுப்போகும். எல்லாரும் ஒரே வாரத்தில் வீழ்ந்தால் என்ன செய்வது என்பதும் அப்படியே. இழந்தாலும் வருந்தாத சிறு தொகையை மட்டும் வைத்து ஆடுவதே நண்பர்களுக்கு அழகு என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்; தொகை பெருகினால் பயமும் பெருகும், பயந்தவன் கூட்டத்தோடுதான் போவான்.

பலரும் சொல்வதாலேயே ஒன்று நிச்சயமாகிவிடாது என்பதையும், கணக்கின் துணையின்றித் தனித்து நிற்பது வெறும் பிடிவாதம் என்பதையும் ஒருங்கே கற்பிக்கும் விளையாட்டுகள் அதிகமில்லை. இதை நான் மதிப்பதற்குக் காரணம் அதுவே. அடுத்த செப்டம்பரில் இதில் சேரும் அன்பர்கள், முதல் வாரத் தேர்வைக் குறிப்பதற்கு அணிகளின் பட்டியலைத் திறக்குமுன், உடன் ஆடும் நண்பர்களின் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்ப்பார்களாக.